எழுபத்தைந்துக்குக் கீழே

வத்தளை,
11.01.2004

அன்புள்ள பெரிய மச்சாள் அருளம்மாவுக்கு,

உங்கள் தம்பி லோறன்ஸின் மனைவி அன்ரோனெற் எழுதுகிறேன். பெயரைக் கண்டதும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். நீங்களும் சிங்கராசா அண்ணரும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் செபிக்கிறேன். ஏழு வருடமாகக் கடிதம் போடாதவள் இப்படி எழுதினால் நம்பமாட்டீர்கள். ஆனாலும் உண்மை.

இங்கே சுகமில்லை. அவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. ஆறு மாதமாகக் கிழமைக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் மெஷினில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். முகம் ஊதிக் கறுத்துவிட்டது. கந்தோர் வேலைக்கு அரைநாள்தான் போகிறார். இப்படியே அதிக காலம் கொண்டுபோக முடியாது, ஒரு சிறுநீரகம் மாற்றிவைத்தால் பிழைப்பார் என்று பெரிய டொக்டர் சொல்லிவிட்டார். கூடப்பிறந்தவர்களுடையது என்றால் நன்றாகப் பொருந்துமாம். அவருக்குக் கூடப்பிறந்தது நீங்கள் ஒருவர்தான்.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. "ஆரிட்டயும் கேள், அக்காட்ட மட்டும் கேக்காத. எனக்கு அதுக்கு முகமில்லை" என்றார். போன் உள்ள கடைக்கு எடுத்தால் உங்களைக் கூப்பிட்டு வருவதற்குள் தாழ்வுபாடு முழுக்க வந்து நிற்கும் என்பதால் கடிதம் எழுதுகிறேன்.

எங்கள் திருமணத்தன்று நடந்ததைப் பற்றி எழுதத் தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். மாட்டேன் என்றாலும் ஒரு பதில் போடுங்கள் மச்சாள்.

அன்ரோனெற்


தாழ்வுபாடு,
21.01.2004

திருமதி அன்ரோனெற் லோறன்ஸ் அவர்களுக்கு,

நான் சுகம். இவர் சுகம். பிள்ளைகள் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன்.

திருமணத்தன்று நடந்ததை நீங்கள் எழுதத் தேவையில்லை. எனக்கு எல்லாம் நல்ல ஞாபகம். ஆமியிடம் பாஸ் எடுக்க மூன்று நாள் வரிசையில் நின்று, வவுனியாவில் பையைக் கொட்டிக் காட்டி, தம்பியின் கலியாணத்துக்கு வந்து சேர்ந்தவள் நான். படம் பிடிக்கிறவன் என்ன சொன்னான்? "அந்தப் பெரிய அம்மா ஓரமா நில்லுங்கோ. இல்லை, அங்காலயே போங்கோ. நீங்கள் நிண்டா மற்ற ஆக்கள் படத்தில விழமாட்டினம்." மண்டபமே சிரித்தது. நீங்களும் முக்காட்டுக்குள்ளே சிரித்தீர்கள். அது போகட்டும், நீங்கள் பிறத்தி. கூடப்பிறந்தவன் வாயைத் திறக்கவில்லையே! நான் ஒரு வாய் சோறு தின்னாமல் பஸ் ஏறினேன்.

அன்றைக்கு என் உடம்பு உங்கள் படத்துக்குள் அடங்கவில்லை. இன்றைக்கு அதே உடம்பிலிருந்து ஒரு துண்டு வேண்டுமாம். நல்ல நியாயம்!

இவ்வளவும் எழுதிவிட்டு, கடிதத்தை இரண்டு நாள் அலுமாரிக்குள் வைத்திருந்தேன். அம்மா செத்தபோது அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பதின்மூன்று. அவனுக்குச் சோறு தீத்தி, தலை வாரி இழுத்து, பள்ளிக்கூடம் அனுப்பியது நான். தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்பார்கள். என்னிடம் தசைக்கென்ன பஞ்சமா?

ஒன்றுதானே கேட்கிறீர்கள். கர்த்தர் எனக்கு இரண்டு தந்திருக்கிறார். எந்த நாள், எந்த ஆஸ்பத்திரி என்று எழுதுங்கள். இவரிடம் முழங்கால் வருத்தம் காட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருவேன். ஆனால் உங்கள் வீட்டு வாசற்படி மிதிக்கமாட்டேன். அவனைப் பார்க்கவும் மாட்டேன்.

அருளம்மா சிங்கராசா


வத்தளை,
15.02.2004

அன்புள்ள மச்சாளுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? முழங்கால் எப்படி? சோதனை முடிந்ததும் ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே பஸ்ஸுக்குப் போய்விட்டீர்கள். அவர் அந்த நேரம் மேல்மாடியில் மெஷினில்தான் இருந்தார். நீங்கள் வந்ததை அவருக்கு நான் சொல்லவில்லை.

முதலில் நல்ல செய்தி. எல்லாம் பொருந்துகிறது! டொக்டர் தாளைக் காட்டியபோது வராண்டாவிலேயே அழுதுவிட்டேன்.

அடுத்ததை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. பிழையாக எடுக்காதீர்கள். உங்கள் நிறை தொண்ணூற்றொரு கிலோ. பிரஷரும் கொஞ்சம் கூட. "இந்த நிறையில் கத்தி வைக்கமாட்டேன், கொடுக்கிறவருடைய உயிருக்கு ஆபத்து. எழுபத்தைந்துக்குக் கீழே வரட்டும், செய்கிறேன்" என்கிறார் டொக்டர். வயிற்றைச் சின்னதாக்க ஒப்பரேஷன் இருக்கிறதாமே என்று கேட்டேன். "ஒரு ஒப்பரேஷனுக்கு ஆளை ஆயத்தப்படுத்த இன்னொரு ஒப்பரேஷனா? அது வேண்டாம். சாப்பாடும் நடையும்தான் வழி" என்று சொல்லிவிட்டார். ஆகஸ்ட் வரைக்கும் அவர் தாங்குவார் என்பது டொக்டரின் நம்பிக்கை.

ஆஸ்பத்திரியில் தந்த சாப்பாட்டுத் தாளை வைத்து அனுப்புகிறேன். உங்களிடம் இதைப் போய்ச் சொல்ல வேண்டியவள் நானாகப் போய்விட்டேனே என்று வெட்கமாக இருக்கிறது.

அண்ணரையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்ரோனெற்


தாழ்வுபாடு,
28.02.2004

அன்ரோனெற்றுக்கு,

இங்கே யாவரும் சுகம். நான்தான் சுகத்துக்கு மேல் பதினாறு கிலோ.

தாளை வாசித்தேன். காலையில் ஓட்ஸ், பத்து மணிக்கு அப்பிள், சமையலுக்கு ஒலிவ் எண்ணெய். தாழ்வுபாட்டில் ஒலிவ் எண்ணெய் பங்குச் சுவாமியிடம் மட்டும்தான் இருக்கிறது, நோயில் பூசுவதற்கு. அதைப் பூச வேண்டிய நிலைக்கு நான் இன்னும் வரவில்லை.

தினம் நாற்பத்தைந்து நிமிட உடற்பயிற்சியும் எழுதியிருக்கிறது. நாலரைக்கு எழும்பினால் சமையல். படகு வந்ததும் கரை. மீன் வெட்டி, கழுவி, உப்புப் போட்டு, பரப்ப வேண்டும். வெயில் ஏற ஏறப் புரட்ட வேண்டும். காகத்துக்கும் நாய்க்கும் காவல் இருக்க வேண்டும். பொழுதுபட எல்லாம் அள்ளி அடுக்கினால் பிறகு இரவுச் சாப்பாடு. அந்த நாற்பத்தைந்து நிமிடத்தை நான் எங்கே செருக? இவ்வளவு முறிந்தும் ஏன் உடம்பு வற்றவில்லை என்று அந்தத் தாளில் ஒரு வரி இல்லை.

ஆனால் எனக்கு ஒரு வழி தெரியும். விபூதிப் புதன் வந்துவிட்டது. உயிர்த்த ஞாயிறு வரைக்கும் ஒருசந்தி பிடிப்பதாக மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டேன். மத்தியானம் ஒரு நேரம், அதுவும் அரைக் கோப்பைச் சோறு. மற்றும்படி வெறும் தேத்தண்ணி. தவக்காலத்தில் சாப்பிடாமல் இருந்தால் ஏன் என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள், இவருக்கும் சந்தேகம் வராது. ஆண்டவரே நாற்பது நாள் இருந்தவர்.

உங்கள் புருசன் எப்படி?

அருளம்மா


வத்தளை,
20.03.2004

அன்புள்ள மச்சாள்,

சுகமா? போன கிழமையும் எழுதினேன், பதில் வரவில்லை.

டொக்டரிடம் கேட்டேன். கோபித்துக்கொண்டார். பட்டினி கிடந்து குறைத்தால் இரத்தம் கெட்டு, சிறுநீரகத்துக்கே பாதிப்பு வருமாம். தயவுசெய்து நிறுத்துங்கள். நேர்த்தியை உடைக்கச் சொல்வது பாவமென்றால் அந்தப் பாவம் என்னோடு போகட்டும்.

ஒரு வரி எழுதுங்கள்.

அன்ரோனெற்


தாழ்வுபாடு,
07.04.2004

அன்ரோனெற்றுக்கு,

உமது இரண்டு கடிதமும் கிடைத்தன. நான் உயிரோடு இருக்கிறேன். பதில் எழுதாதது, எழுத எழும்ப முடியாமல் கிடந்ததால்.

இருபத்தெட்டாம் நாள் ஒருசந்தி அன்று பகல் கருவாடு புரட்டக் குனிந்தேன். அடுத்தது தெரிந்தது மன்னார் ஆஸ்பத்திரிக் கட்டில். எட்டுக் கிலோ குறைந்திருந்தது. எனக்குச் சந்தோசம்! கைருன்னிசா என்று ஒரு தாதி மிஸி, வாய்க்காரி, என் கையை நசித்துப் பார்த்துவிட்டு, "கொழுப்பு போகேல்ல அக்கா, சதைதான் போயிருக்கு. ரெத்தமும் இல்லை. இப்பிடிப் போனா நீங்கள் ஆருக்கும் ஒண்டும் குடுக்க ஏலாது, உங்களுக்குத்தான் ஆரும் குடுக்கவேணும்" என்றாள்.

அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதேயும். மயக்கத்தில் எல்லாவற்றையும் புலம்பியிருக்கிறேன். இவரும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு நாள் சாப்பாட்டை வாசலில் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள், "உன்ர உடம்பு, உன்ர தம்பி. குடு, வேண்டாமெண்டு சொல்ல நான் ஆர்? ஆனா எனக்கு ஒளிச்சியே, அதுதான் நோகுது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்தைந்து வருடத்தில் இவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது இதுதான்.

நேர்த்தியை உடைக்க மனம் வரவில்லை. சுவாமியிடம் போனேன். நேர்த்தியை மாற்றிக் கொடுக்கிற அதிகாரம் குருவுக்கு உண்டு. "உம்மைக் கொல்லச் சொல்லி மாதா கேட்டவவோ?" என்று ஏசிவிட்டு, ஒருசந்திக்குப் பதிலாக ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்லிக்கொண்டு நடக்கச் சொல்லிவிட்டார். ஒருநாளும் விடக் கூடாது.

கைருன்னிசா மிஸிக்கு அதைச் சொன்னபோது துள்ளிக் குதித்தாள். "அதுதான் அக்கா சரியான நடை. செபம் சொல்லக்கூடியதா இருக்கவேணும், பாட்டுப் பாட ஏலாததா இருக்கவேணும். அந்த வேகத்தில நடவுங்கோ" என்றாள். கருவாட்டு வாடியில் குந்தியிருந்து மீன் வெட்டுவதெல்லாம் வேலைதானாம், மூச்சு வாங்க நடந்தால்தான் நடையாம்.

இப்போது மன்னார்ப் பட்டினத்துக்குப் பஸ் பிடிப்பதில்லை. மூன்று மைல், மூன்று செபமாலை. வீட்டிலிருந்து சந்தோசத் தேவ இரகசியம், பாதி வழியில் துக்கம், சந்தை தெரியும்போது மகிமை. ஒளியின் தேவ இரகசியம் என்று இப்போது புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள் அல்லவா, அதற்கு வீட்டைச் சுற்றி. பட்டினம் போகாத நாளில் காலையில் ஒன்று, மீன் காயும்போது ஒன்று, பொழுதுபட ஒன்று. அந்த நாற்பத்தைந்து நிமிடத்தைத் துண்டு துண்டாக வெட்டிச் செருகிவிட்டேன்.

லோறன்ஸ் எப்படி? சாப்பிடுகிறானா?

அருளம்மா


வத்தளை,
05.05.2004

அன்புள்ள மச்சாள்,

நீங்கள் நடக்கிறீர்கள் என்று கேட்டு நிம்மதி. அண்ணரின் கோபம் ஆறிவிட்டதா?

இவருக்குப் போன மாதம் நெஞ்சுக்குள் நீர் கட்டி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். இப்போது வீட்டில். எழுதினால் நீங்கள் மறுபடி பட்டினி கிடப்பீர்கள் என்ற பயத்தில் எழுதாமல் இருந்தேன். சாப்பிடுகிறார், கொஞ்சம்.

நீங்கள் ஒருநாளும் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். நீ பெண்சாதிதானே, நீ ஏன் கொடுக்கவில்லை என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். முதலில் போனது நான்தான். இரத்தம் பார்த்தபோது எனக்குச் சீனி வருத்தம் என்று தெரியவந்தது. சீனிக்காரரிடம் எடுக்கமாட்டார்களாம். அவருக்கு இதுவரை சொல்லவில்லை. அவருடைய வருத்தத்தோடு என்னுடையதும் எதற்கு?

அந்தப் படத்தைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். நான் சிரித்தது உண்மை. எல்லோரும் சிரித்தார்கள், புதுப்பெண் நானும் சிரித்தேன். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்களே, அந்தப் பார்வையை ஏழு வருடமாக மறக்க முடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் மச்சாள். உங்கள் சிறுநீரகத்துக்காக இதைக் கேட்கவில்லை. நீங்கள் தராவிட்டாலும் கேட்டிருப்பேன். ஆனால் இவ்வளவு பிந்திக் கேட்பவளை எப்படி நம்புவீர்கள்?

அன்ரோனெற்


தாழ்வுபாடு,
09.06.2004

அன்ரோனெற் பிள்ளைக்கு,

நானும் இவரும் சுகம். உமது சீனி எப்படி? மருந்தை நேரத்துக்கு எடும். நீரும் விழுந்தால் அவனை யார் பார்ப்பது? நான் நினைத்ததைச் சரியாகப் பிடித்துவிட்டீர், அதற்காக வெட்கப்படுகிறேன். மற்றதை விடும். மன்னிப்பைக் கடிதத்தில் கொடுக்க எனக்குத் தெரியாது, நேரில் வரும்போது பார்ப்போம்.

இங்கே ஊர் கதை கேளும். அருளம்மாவுக்குக் கான்சர் என்று ஒரு பகுதி. சிங்கராசா வேறு ஒருத்தியைப் பிடித்துவிட்டான், அந்தக் கவலையில் உருகுகிறாள் என்று இன்னொரு பகுதி. இவர் அதைக் கேட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. பாவம் பார்த்து வீட்டுக்கு வீடு புட்டும் பாற்சோறும் அனுப்புகிறார்கள். திருப்பி அனுப்பினால் கோபம், தின்றால் பதினாறு கிலோ. இவர்தான் தின்று தீர்க்கிறார், இப்போது இவருக்கு வயிறு தள்ளி வண்டி வைத்துவிட்டது.

நான் மீன் தின்கிறேன், பொரிக்காமல். கீரை. குரக்கன் புட்டு ஒரு துண்டு. சோற்றுக் கோப்பையைப் பூனைக்கு வைத்துவிட்டுப் பூனையின் கோப்பையை நான் எடுத்துக்கொண்டேன். கழுவித்தான். பசி எடுக்கும்போது அழுகை வருகிறது, உமக்கு மட்டும் சொல்கிறேன்.

இப்போது செய்தி! நேற்று வாடியில், எங்களிடம் வாங்கும் முதலாளி மிக்கேல் சம்மாட்டியின் தராசில் ஏறி நின்றேன், கருவாட்டு மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு. எழுபத்துநாலு! இறங்கி மறுபடி ஏறினேன், அதே எழுபத்துநாலு. வாடியில் நின்றவர்களுக்கு விளங்கவில்லை, நான் உப்புக் கையோடு சிலுவை போட்டேன்.

டொக்டரிடம் நாள் கேட்டு எழுதும். இருபத்தோராம் திகதிக்கு நான் வருகிறேன்.

அருளம்மா மச்சாள்


வத்தளை,
27.06.2004

அன்புள்ள மச்சாள்,

ஊருக்குப் போய்ச் சேர்ந்தீர்களா என்றுகூடத் தெரியவில்லை. சுகம் விசாரிக்கவும் பயமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரித் தராசு எழுபத்தொன்பது காட்டியதும் நான் உங்களைப் பார்த்த பார்வைக்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அஞ்சு கிலோ எங்கிருந்து வந்தது, பொய் சொல்லிவிட்டீர்களோ என்று ஒரு நொடி நினைத்தேன். நீங்கள் வராண்டா வாங்கில் குந்தி, தலையில் கைவைத்து, "தராசு என்னை ஏமாத்திப்போட்டுது, தராசு என்னை ஏமாத்திப்போட்டுது" என்று அழுததைப் பார்த்தபிறகுதான் என் நெஞ்சு வெடித்தது.

அந்த நேரம் பார்த்து அவரை மெஷினுக்குத் தள்ளிக்கொண்டு வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. உங்களை அவருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. "ஆரது, பாவம், அந்த அக்கா அழுறா" என்று என்னிடம் கேட்டார். பிறகு நீங்கள் முகத்தைத் தூக்கினீர்கள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன், என் சீனியையும். அன்றிலிருந்து அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. தனக்கு அந்தச் சிறுநீரகம் வேண்டாமாம். "அண்டைக்கு வாயைத் திறக்காதவன் இண்டைக்கு எந்த முகத்தோட வாங்கிறது? செத்தாலும் பரவாயில்லை" என்கிறார். அவர் கையெழுத்து வைக்காமல் டொக்டர் செய்யமாட்டார். நான் அழுதும் கேட்கவில்லை, பங்குச் சுவாமி வந்தும் கேட்கவில்லை.

இனி எனக்கு வழி தெரியவில்லை. நீங்கள் நடப்பதை விட்டுவிடாதீர்கள்.

அன்ரோனெற்


தாழ்வுபாடு,
05.07.2004

தம்பி லோறன்ஸுக்கு,

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். உன் சுகத்தை உன்னிடம் கேட்டு ஏழு வருடமாகிறது. இப்போது எழுதுவது ஏசுவதற்கு, ஆனபடியால் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்து வாசி.

முதலில் தராசு. மிக்கேல் சம்மாட்டியின் தராசு மூட்டைக்கு அஞ்சு கிலோ விழுங்கும் என்பது தாழ்வுபாட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அதற்காக அவரோடு கிழமைக்கு ஒருதரம் சண்டை பிடிக்கிறவளே நான்தான். ஆனால் நானே ஏறி நின்று அது எழுபத்துநாலு காட்டியபோது நம்பிவிட்டேன்! மீனுக்குத்தான் பொய் சொல்லும், எனக்குச் சொல்லாது என்று நினைத்துவிட்டேன். உன் அக்கா எவ்வளவு மடைச்சி பார். திரும்பி வந்து, எல்லோரும் நிற்கும்போது அதே தராசில் ஏறி, ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டி, "மிச்ச அஞ்சு கிலோவை எங்க ஒளிச்சு வைச்சிருக்கிறியள் சம்மாட்டியார்? எடுத்துத் தாங்கோ, என்ர தம்பிக்குக் கணக்குக் காட்டவேணும்" என்று கேட்டேன். மறுநாளே புதுத் தராசு வந்துவிட்டது. ஊருக்கு நன்மை. இப்போது ஊர் முழுக்கவும் எதற்காக மெலிகிறேன் என்று தெரியும். நான் நடக்கும்போது வேலிக்கு வேலி நின்று, "எவ்வளவு அக்கா? எவ்வளவு?" என்று கேட்கிறார்கள்.

இனி நீ. எந்த முகத்தோடு வாங்குவது என்றாயாம். உன் முகத்தை யாரடா கேட்டது?

எனக்கு உன்மேல் இன்னும் கோபம்தான். இல்லையென்று பொய் எழுதமாட்டேன். நீ ஒரு சொல், ஒரேயொரு சொல், "அவ என்ர அக்கா" என்று சொல்லியிருந்தால் போதும். அது நேற்று நடந்ததுபோல எனக்குச் சுடுகிறது. ஆனால் கோபம் வேறு, நீ சாவது வேறு. நீ செத்துப்போனால் நான் யாரோடு கோபித்துக்கொண்டிருக்கிறது?

வராண்டாவில் உன்னைக் கண்டேன். அந்தக் காலைக் கண்டேன், வீங்கி, செருப்புக்குள் போகாமல். நான் எண்ணெய் பூசி நடக்கப் பழக்கின காலடா அது. அன்றிரவு பஸ்ஸில் வவுனியா மட்டும் அழுதேன்.

இன்னும் அஞ்சு கிலோ. ஆகஸ்டுக்குள் குறைப்பேன். நீ கையெழுத்து வை. வைக்காவிட்டால், வாசற்படி மிதிக்கமாட்டேன் என்ற சபதத்தை முறித்துக்கொண்டு வத்தளைக்கு வருவேன். வந்தால் சும்மா வரமாட்டேன்.

சாப்பிடு. அந்தப் பிள்ளையோடு முகம் கொடுத்துப் பேசு. அவளும் வருத்தக்காரி.

அக்கா


வத்தளை,
24.07.2004

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்து இரண்டு கிழமை. நாலு தரம் எழுதத் தொடங்கினேன். சுகம் கேட்டும் என் சுகம் சொல்லியும் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறது.

அன்றைக்கு எனக்குப் பயம் அக்கா. அவ்வளவுதான். என் மாமனார் எடுத்துத் தந்த வேலை, மாமாவின் சனம், மண்டபம் நிறைய அவர்களுடைய ஆட்கள். வாய் திறந்தால் என்னையும் பார்த்துச் சிரிப்பார்கள் என்று பயந்தேன். நீங்கள் போனபிறகு கலியாண உடுப்போடு பஸ் எடுக்கிற இடத்துக்கு ஓடிவந்தேன். பஸ் போய்விட்டது. ஓடிவந்ததையாவது அடுத்த நாள் எழுதியிருக்கலாம். அடுத்த நாள், அடுத்த நாள் என்று ஏழு வருடம் போய்விட்டது.

வராண்டாவில் உங்களை எனக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்காக உருகி நின்ற ஆளை யாரோ என்று கேட்டேன். அதை நினைத்தால் இப்போதும் தாங்க முடியவில்லை.

நேற்று கையெழுத்து வைத்தேன். முதல் தாளில் இடம் மாறி வைத்ததால் இரண்டாவது தாளும் எடுக்க வேண்டி வந்தது. அன்ரோனெற் பக்கத்தில் நின்றாள்.

அக்கா, ஒருவேளை மேசையில் உங்களுக்கு ஏதாவது

இதற்குமேல் எழுத முடியவில்லை. மெதுவாக நடவுங்கள். விழுந்துவிடாதீர்கள்.

உங்கள் தம்பி லோறன்ஸ்


தாழ்வுபாடு,
12.08.2004

அன்ரோனெற்றுக்கு,

சுகம். அவசரமாக எழுதுகிறேன், தபால்காரர் படலையில் நிற்கிறார்.

எழுபத்துநாலு! மன்னார் ஆஸ்பத்திரித் தராசு. கைருன்னிசா மிஸி மூன்று தரம் நிறுத்து, தானும் ஏறிப் பார்த்து, துண்டில் எழுதி, முத்திரை குத்தித் தந்தாள். இரத்தமும் பிரஷரும் சரி. நானும் இவரும் இருபத்திரண்டாம் திகதி வருகிறோம். ஒரு பாய் போட இடமிருந்தால் இந்தமுறை உங்கள் வீட்டில் தங்குவோம்.

பயப்பிடுகிற பிள்ளைக்குச் சொல்லும், அவன் அக்காவுக்கு மேசையில் ஒன்றும் வராது. வந்தாலும் அது என் பாடு, அவன் பாடில்லை.

மச்சாள்


7ஆம் வாட்டு,
28.08.2004

தம்பிக்கு,

மிஸியிடம் பென்சில் வாங்கிப் படுத்தபடி எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் பொறு. எனக்குச் சுகம். விலாவில் நோ இருக்கிறது, சிரித்தால்தான் கூட.

சிரிக்க வைப்பதே உன் பெண்சாதிதான். முந்தநாள் நான் கண் முழித்தபோது அவள் கட்டிலடியில் நின்றாள். முகமெல்லாம் அழுது வீங்கியிருந்தது. நீ போய்விட்டாய் என்றுதான் நினைத்தேன். வாயைத் திறந்து கேட்கப் பயம். அவள் குனிந்து என் காதுக்குள், "மச்சாள், அவருக்குச் சலம் போகுது! ஒண்டரை லீற்றர்!" என்றாள். மனிசருக்கு மூத்திரம் போனதற்கு வாட்டே கைதட்டியதை இப்போதுதான் கண்டேன். எதிர்க் கட்டில்காரி ஒரு சிங்கள மனிசி, அவளும் கும்பிட்டாள். நான் அழுதேன். இவர், உன் கொத்தான், வெளியே போய் நின்று அழுதிருக்கிறார், கண்ணுக்குள் தூசி என்று இன்னும் சாதிக்கிறார்.

உண்மையைச் சொல்கிறேன். தள்ளிக்கொண்டு போகும்போது எனக்கும் பயம் வந்தது. உனக்கு அப்படிச் சொல்லி அனுப்பினேனே தவிர, சொல்லிக்கொண்டு போன செபமாலை பாதியில் மறந்துவிட்டது. ஆறு மாதம் நடந்து, பசி கிடந்து, இது உனக்குள் போய் வேலை செய்யாமல் விட்டால் என்ன செய்வேன் என்பதுதான் என் பயம்.

டொக்டர் வந்தவர். ஒன்றோடு இருக்கிறபடியால் இனிச் சாகுமட்டும் நிறை ஏற விடக்கூடாதாம், நடையை விடவே கூடாதாம். சரி என்றேன். உனக்கும் அதே கதைதான் சொல்லியிருப்பார், கேட்டு நட.

கண்ணாடி அறைக்குள் உன்னைத் தனியாக வைத்திருக்கிறார்களாம், யாரும் உள்ளே வர ஏலாதாம். வெளியே நின்று பார்க்கலாம் என்று மிஸி சொன்னாள். கட்டிலை விட்டு இறங்க எனக்கு நாளைக்கு விடுவார்கள். சக்கரக் கதிரையில் தள்ளிக்கொண்டு போகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். என் கட்டிலிலிருந்து உன் கண்ணாடிக்கு நாற்பத்திரண்டு அடி, உன் பெண்சாதி இரண்டு தரம் நடந்து எண்ணிவிட்டாள். ஒரு பக்கம் அவள் பிடிப்பாள், மறுபக்கம் கொத்தான்.

காலமை பத்து மணிக்கு நடந்து வாறன். நித்திரையாய்ப் போயிடாத, முழிச்சிரு.

அக்கா